புளி போட்டுத் துலக்கிய வெண்கலம்

அவையை அழகுற நடத்தும் தலைவர் கணேஸ்வரன் அவர்களே, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கரங்களால் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்கும் தம்பிமார்களே, கோலா சிலாங்கூரின் நல்லுள்ளங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மண்டபத்து வாசலில் நிற்கிறதே ஒரு வெண்கலச் சிற்பம், அதற்குத் தலை உண்டா? இல்லை. கை உண்டா? இல்லை. கால் உண்டா? அதுவும் இல்லை. வடித்தவர் நம் தோட்டத்துச் சன்னாசியின் மகள் துளசி. போன மாதம் அதை இறக்கிய அன்று, "இது என்னம்மா?" என்று கேட்டேன். "தொட்டுப் பாருங்கண்ணே" என்றார்.

நான் தொடவில்லை. மண்டபக் கமிட்டிச் செயலாளன் அல்லவா, தீர்மானம் போட்டேன். இன்றைய திறப்பு விழாவுக்குள் இது என்னவென்று ஊரில் ஒருவருக்காவது விளங்காவிட்டால், வந்த லோரியிலேயே திரும்பிப் போகட்டும் என்று. 'தொடாதீர்' என்று பலகையும் மாட்டினேன். சிரிக்காதீர்கள், கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறீர்கள்.

நேற்று கோத்தோங் ரோயோங், ஊரே கூடி மண்டபத்தைத் துப்புரவாக்கினோம். கோயில் விளக்கு துலக்கும் பெண்களிடம், "இதுவும் கறுத்துக் கெடக்கு, ஒரு கை பாருங்கம்மா" என்று சொன்னவன் நான். புளி வந்தது, தேங்காய் நார் வந்தது. அந்தக் கறுப்பு அழுக்கா? இல்லை ஐயா. தீயைக் காட்டித் திராவகம் பூசி, துளசி மூன்று வாரம் ஏற்றிய நிறம். மூன்று மணி நேரத்தில் பளபளவென்று ஆக்கிவிட்டோம்.

துளசி வந்தார், பார்த்தார். "யாரு செஞ்சது?" என்று மட்டும் கேட்டார். நான் பெண்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் கங்கா, கையில் நாரோடு முன்னால் வந்தார். "துளசி, மன்னிச்சிருலா. ஒன்னு கேக்குறேன், இது ரப்பர் காய்தானே? வெயில்ல வெடிக்கப் போற நேரம். மூணு பொடைப்பு, நடுவுல பொளவு. தேய்க்கத் தேய்க்கக் கைக்கே தெரிஞ்சிருச்சு."

துளசி அழுதுவிட்டார். "அதேதான்கா. நெறத்த நான் திரும்ப ஏத்திக்கிறேன்" என்றார்.

கண்டது எது? ஒரு மாதம் பார்த்த கண்ணா? காணவில்லை. கூட்டம் கூட்டமாகக் கூடிய கமிட்டியா? காணவில்லை. கண்டது கை. காலமெல்லாம் உழைத்த கை, கலையைக் கண்டுகொண்ட கை.

ஒருவருக்கு விளங்கிவிட்டது. தீர்மானம் தீர்ந்தது. லோரி வராது, இந்தக் காய் இந்த மண்ணை விட்டுப் போகாது. இதோ, நான் மாட்டிய பலகை, கழற்றிக் கொண்டு வந்திருக்கிறேன்.

தங்கச்சி துளசி, அன்று நீ சொன்னதை இன்று செய்யப் போகிறேன். முதலில் நான் தொடுகிறேன், பிறகு எல்லாரும் வரிசையாக வாருங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி, துலக்கிய கைகளுக்கு வணக்கம். வரும்போது புளி மட்டும் வேண்டாம்.