எல்லாரும் சித்தப்பாவைத்தான் கேட்கிறார்கள்

கதைக்காத பிள்ளையை எல்லாருக்கும் பிடிக்கும். கியூபெக்கில், லவாலில் உள்ள எங்கள் கலியாண மண்டபத்துக்கு வருகிற மாமிமார் என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் என்பதைக்கூட மன்னித்துவிட்டார்கள். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னார்கள்; அதனால் விட்டேன். மண்டபத்துக் குசினியில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

நீங்கள் திரும்பத் திரும்ப அப்பாவைப் பற்றியே கேட்கிறீர்கள். எனக்கு அது ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் இங்கிலாந்து ராசாக்களின் சரித்திரம் நிறைய வாசித்தேன். நூலகத்தில் அந்த அலுமாரிப் பக்கம் ஆட்கள் வருவதில்லை. நாலாம் எட்வர்ட் செத்தபோது மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா றிச்சர்ட் காவலாக வந்தார். பையனையும் அவன் தம்பியையும் லண்டன் கோட்டையில் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு கதை வந்தது: அவர்களுடைய தகப்பன் முன்னமே வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்தவர், ஆகவே தாயைச் செய்த கலியாணம் செல்லாது, பிள்ளைகளுக்கு முடியில் உரிமையில்லை. சித்தப்பா ராசாவானார். பையன்களைப் பிறகு ஒருவரும் காணவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக எல்லாரும் சித்தப்பாவைத்தான் கேட்கிறார்கள். அந்த வீட்டில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று யோசிப்பவர்கள் குறைவு.

மண்டபத்தைத் தொடங்கியவர் அப்பாவின் அண்ணன், அருமைராசாப் பெரியப்பா. பெயர் அவருடையது, அடுப்பு அப்பாவுடையது. இலை கொட்டுகிற காலத்தில் பெரியப்பா மாரடைப்பில் போனார். தகனசாலையில் பொத்தானை அழுத்தியது மூத்த மகன் சாரங்கன். அதில் பிழையில்லை, மூத்தவன்தான் செய்ய வேண்டும். ஆனால் அழுத்திவிட்டுத் திரும்பியவன் அழவில்லை. வந்திருந்த சனத்தை ஒருமுறை அளவெடுப்பதுபோலப் பார்த்தான். எனக்கு அப்போதே பிடிபட்டது.

அடுத்த கிழமை குசினிக்கு வந்தான்.

"சித்தப்பா, நீங்கள் சமையலைப் பாருங்கோ. மிச்சத்தைப் பேந்து கதைப்பம்."

"ஓம் தம்பி, அதுக்கென்ன அவசரம்" என்றார் அப்பா.

அப்பா எதையும் சந்தேகப்படமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. சாரங்கன் கதிரைகளைப் படம் எடுத்தான். கூரையைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரனைக் கூட்டிவந்தான். அவன் தாய், இந்திராதேவிப் பெரியம்மா, ஒருநாள் எனக்கு ஒரு சுவெட்டர் தந்தார். பிறந்தநாளும் இல்லை, தீபாவளியும் இல்லை. நான் அதைப் போடவில்லை. பிறகு ஒரு பின்னேரம் சாரங்கன் தொலைபேசியில் பிரெஞ்சில் கதைத்தான். வசந்தத்துக்குள் விற்றுவிடலாம் என்றான். நான் பக்கத்தில் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டும் அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

மண்டபம் போனால் அப்பா இந்த வயதில் டவுன்டவுனில் யாரோ ஒருவருடைய உணவகத்தில் கோப்பை கழுவப் போவார். நானும் வெளியே போய் ஆட்களோடு பேச வேண்டி வரும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க அப்பாவின் தங்கை கௌரி மாமி வந்தார். நான் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"மாமி, கந்தோரிலை பதிஞ்சு எழுத்து மட்டும் எழுதிப்போட்டுத் தாலி கட்டாட்டி, அது கலியாணமோ?"

"எழுத்து எழுதினால் முடிஞ்சுது பிள்ளை. தாலி சனத்துக்குக் காட்ட. ஏன், என்ரை மருமகளுக்கு ஆரும் ஆள் பிடிபட்டிட்டாரோ?"

"இல்லை மாமி. பெரியப்பா ஒருக்கா சொன்னவர், ஊரிலை, கொடிகாமத்திலை..."

அதோடு நிறுத்தினேன். மாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"கொடிகாமத்திலை என்ன?"

நான் வெங்காயத்தை அலசப் போய்விட்டேன். மிச்சத்தை மாமியே சொல்லி முடித்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட பெடியன்களுக்கு அவசரமாக எழுத்து எழுதி அனுப்புவார்கள். சடங்கு பிறகு, ஸ்பொன்சர் பிறகு. சில பெண்களுக்கு அந்தப் பிறகு வரவேயில்லை. பெரியப்பா அப்படி ஒருவரையும் விட்டு வரவில்லை. ஆனால் விட்டு வந்திருக்கலாம். இடப்பெயர்வில் எத்தனையோ பேருடைய பதிவுகள் போய்விட்டன; இல்லையென்று யாராலும் காட்ட முடியாது. அதோடு, வாய் திறக்காத பிள்ளை பொய் சொல்லாது என்று மாமி நம்பினார்.

அந்தியேட்டியன்று ஆற்றுக்கு அப்பால் புரோசார்டிலிருந்து வந்தவர்களுக்கும் கதை தெரிந்திருந்தது. பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கதிரைகளில் ஒருவரும் இருக்கவில்லை. "முதல் எழுத்து ஊரிலையாம், இது சும்மா கூடி இருந்ததாம்" என்று ஒரு பெண் சொன்னது பெரியப்பாவின் இளைய மகன் தனுஜனுக்குக் கேட்டது. அவன் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் மண்டபத்துக்குள் காலடி வைக்கவில்லை.

சாரங்கன் மட்டும் சிரித்தான்.

"சித்தப்பா, ஊர்க்கதையை ஊரிலை வையுங்கோ. கியூபெக்கிலை சொத்துக்கு எந்தப் பிள்ளையும் பிள்ளைதான். நொத்தாரிசிட்டைக் கேட்டாச்சு."

"நான் ஒண்டும் சொல்லேல்லை ராசா" என்றார் அப்பா. "ஆர் இந்தக் கதையைக் கட்டினதெண்டே தெரியாது." எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இங்கிலாந்தில் ஒரு கதை சிம்மாசனத்தை மாற்றியது. இங்கே அது ஒரு கதிரையைக்கூட மாற்றவில்லை.

தை மாதம், பெரும்பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலை. விற்கிற கடதாசிகளைப் பார்க்கப் பெரியம்மா வந்து அப்பாவோடு அலுவலக அறையில் இருந்தார். பின்பக்கம் சுவரோரமாக அவர்களுடைய கார் நின்றது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தனுஜன் உள்ளே வரமாட்டான் என்றபடியால் தமையனும் அவனோடு காரில் இருந்தான். இரவு வேலை முடித்து வந்த சாரங்கன், இருக்கையைச் சரித்து நித்திரையாகிவிட்டான்.

பின்பக்கப் பாதையைத் துப்புரவாக்குவது என் வேலை. அள்ளுகிற பனியை எங்காவது குவிக்கத்தான் வேண்டும். காரின் பின்னால் சுவர் வரைக்கும் இடம் இருந்தது. புகைக்குழாய் அந்தப் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும். குழாய் அடைபட்டால் நச்சுப்புகை காருக்குள் ஏறும் என்று ஒவ்வொரு குளிர்காலமும் ரேடியோவில் எச்சரிக்கிறார்கள். குழாய் மூடும்வரை குவித்தேன். சரிந்துவிடாமல் பனி அள்ளுகிற சவளால் தட்டி இறுக்கினேன். பிறகு உள்ளே போய்ப் பெரியம்மாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பையும் குடிக்க வைத்தேன்.

முதலில் எல்லாரும் இரண்டு சாவையும் விபத்து என்றார்கள். பெரியம்மா மண்டபக் கதவுத் திறப்புகளை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. இப்போது மண்டபம் அப்பாவிடம் இருக்கிறது, அவர் அடுப்பு மூட்டுவதில்லை. சித்தப்பன்தான் செய்வித்தான் என்று சனம் கதைக்கிறது, பொலிஸ்காரர் நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். செய்தது நான்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிவிடாதீர்கள். நான் பனியைக் குவித்துக்கொண்டிருக்கும்போது தனுஜன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "கஜியக்கா, வந்து உதவட்டோ?" என்று கேட்டான். அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வேண்டாமடா, கண்ணாடியை நல்லா ஏத்திப்போட்டு இரு, குளிர் பிடிச்சிடும் என்று சொன்னேன். அவனில் எனக்கு எப்போதும் அக்கறைதான்.