செவுத்துக்கு இந்தப் பக்கம்

அக்கட்டால வழியில்லீங்க தம்பி, செவுரு வெச்சு அடைச்சுப்போட்டாங்க. இப்புடி வாங்க. நாயி ஒண்ணும் பண்ணாது, குலைக்கறதோட சரி. நீங்கதானுங்களே பனியன் கம்பெனி சுத்தமா நடக்குதான்னு பாத்து மார்க்குப் போட வந்தவரு? காத்தால உங்க காரு வந்தப்பவே பாத்தேன். நானு பழனாயிங்க, இந்தத் தோட்டத்துக்காரி.

செவுத்தைப் போட்டோ எடுத்தீங்களாட்ட இருக்குது. எடுங்க, எடுங்க. நல்ல செவுருதான். கம்பெனியுமே நல்லாத்தானுங்க இருக்குது, நானொண்ணும் கொறை சொல்லலை. பட்டப்பகல்ல ஒரு லைட்டுப் போடறதில்லையாமா, மேல கண்ணாடி வெச்சு வெளிச்சத்தை உள்ள எறக்கியிருக்குது. பெய்யற மழையில ஒரு சொட்டு வெளிய போறதில்ல. கக்கூசுத் தண்ணியைக்கூடச் சுத்தம் பண்ணிப் புல்லுக்குப் பாய்ச்சறாங்களாமா. ஆருக்கு வரும் அந்த ரோசனை? தைக்கற புள்ளைக சொல்லுதுக, உள்ள நின்னா வேர்க்கறதே இல்லைன்னு. அதுக்கெல்லாம் எத்தனை மார்க்கு வேணும்னாலும் போடுங்க.

நானு கூப்புட்டது அதுக்கில்லீங்க. செத்த வந்து இந்தக் கெணத்தை ஒருக்கா எட்டிப் பாருங்க. பயப்படாதீங்க, கரை கெட்டியாத்தான் இருக்குது.

பாத்தீங்களா? மூக்கைப் பொத்திக்கிட்டீங்களே. பொத்திக்கங்க, நானு தப்பா எடுத்துக்க மாட்டேன், எங்கூட்டுக்கு விருந்துக்கு வர்ற ஒறம்பரைகளே அப்புடித்தான் பண்ணுவாங்க. இப்பக் கருஞ்செவப்பா உறைஞ்சு கெடக்குது. பட்டறை ஓடுனப்ப ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு கலருங்க. கெணத்தை எட்டிப் பாத்தாலே சொல்லிப்போடலாம், வெளிநாட்டுக்காரன் இந்த மாசம் என்ன கலருப் பனியன் கேட்டிருக்கான்னு. சிரிங்க தம்பி, நாங்களும் அப்பச் சிரிச்சிருக்கறோம்.

என்ன பட்டறையா? உங்களுக்குச் சொல்லலீங்களா? இப்பக் கம்பெனி நிக்குதே, அதே எடத்துலதானுங்க சாயப்பட்டறை இருந்துச்சு. சாயத்தண்ணியெல்லாம் இந்தப் பள்ளத்துலதான் வந்து நின்னுச்சு. கோர்ட்டு, கேசுன்னு ஆனதுக்கப்பறம் பட்டறையை இடிச்சாச்சு, கம்பெனி கட்டியாச்சு, புல்லு வெச்சாச்சு. தண்ணி கெணத்துக்குள்ள எறங்குனது எறங்குனதுதான். அதை எங்க போயி இடிக்கறது? தென்னையெல்லாம் மண்டை காஞ்சு நிக்கறதைப் பாருங்க. எருமைகளுக்கு லாரித் தண்ணி வாங்கி ஊத்திப் பாத்தோம். முடியலை. ஊத்துக்குளிக்காரரு ஒருத்தருக்கு வித்து ஓட்டி உட்டாச்சு.

ஊட்டுக்கு ஒருத்தர் வந்தா மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுக்கறது எங்க பக்கத்து மொறைங்க. நானிப்ப, கேன் தண்ணிங்க, கேன் தண்ணிதானுங்கன்னு சொல்லிக்கிட்டேதான் சொம்பை நீட்டறேன்.

அதனாலதான் கேக்கறேன். கம்பெனிக்கு எழுதறப்ப இந்தக் கெணத்தைப் பத்தியும் ஒரு வரி சேர்த்துப்போடுங்க. நாஞ்சொன்னா ஆரு கேக்கறாங்க? பாக்கலாம், பாக்கலாம்னே வருசம் போகுது. ஆர்டர் குடுக்கறவன் சொன்னாக் கேப்பாங்க. இதையுஞ் சுத்தம் பண்ணுப்பான்னு அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க.

ஏனுங்க?

எல்லைக்குள்ள இல்லீங்களா? செவுத்துக்கு உள்ள இருக்கறதுக்கு மட்டுந்தான் மார்க்கா? செவுரு இப்ப வந்ததுதானுங்களே. அதுக்கு முன்னால இதெல்லாம் ஒரே வெள்ளாமைக் காடுங்க.

ஓ. பத்திரத்துலயே தனியா இருக்குதுங்களா. ஆமாங்க, எம்பேர்லதான் இருக்குது. பழனாயின்னு போட்டிருக்குமே.

கெணறு கம்பெனி எடத்துல இருந்தா அந்த மார்க்குக் கெடைக்கவே கெடைக்காதுங்களா? அதனாலதான் மார்க்குக் கேட்டு எழுதிப் போடறதுக்கு முன்னாலயே எடத்தைப் பிரிச்சுட்டாங்களா?

ம்.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. வெய்யிலுக்குக் கண்ணைக் கட்டுது. செத்த உக்காந்துக்கறேன்.

எங்க சனத்துல பொம்பளை பேர்ல காடு எழுதறது இல்லீங்க தம்பி. எங்கப்பன் எழுதலை, கட்டுனவரும் எழுதலை. போன சித்திரையில என்னைப் பட்டுச்சீலை கட்டச் சொல்லி, கார்ல பல்லடம் கூட்டிட்டுப் போயி, ரிஜிஸ்டர் ஆபீசுல எல்லாருக்கும் முன்னால, கெணறும் இந்தக் காடும் இனி உன்னுதுன்னு சொன்னப்ப அழுதுபோட்டனுங்க. கெட்டுப்போன கெணறா இருந்தா என்னங்க? எம்பேர்ல ஒரு கெணறு. மடத்துக்குளத்துல இருக்கற எந்தங்கச்சிக்குப் போனு போட்டுச் சொன்னேன். போற வர்றவங்களுக்கெல்லாம் சக்கரை குடுத்தேன். கொஞ்ச நாள்லயே செவுத்துக்குக் கடக்கால் தோண்டுனாங்க. எதுக்குச் சாமி இதுன்னு கேட்டேன். உங்கெணத்துப் பக்கம் ஆரும் வந்து கைவெக்கக் கூடாதில்லம்மா, அதுக்குத்தான்னான். அதுக்கும் அழுதேன்.

ஆமாங்க. கதிர்வேலுதான். கம்பெனி மொதலாளி. எம்மவனுங்க. நாம் பெத்தது அவன் ஒருத்தனைத்தான்.

ஐயோ, வேண்டாங்க தம்பி! பேனாவை உள்ள வையுங்க. மேல கேட்டுப் பாக்கறேன்னெல்லாம் வேண்டாங்க. அந்த மார்க்கை நம்பித்தான் அத்தனை பெரிய கட்டடத்தைக் கட்டி நிறுத்தியிருக்கறான். நீங்க எல்லைக்குள்ள இருக்கறதைப் பாத்து எழுதுங்க, அது போதும். கெணறு எம்பேர்லயே இருக்கட்டுங்க. அவம்பேர்ல வேண்டாம்.