அடம்பன் கொடியின் சொந்தக்காரங்க

விடைத்தாள் திருத்தித் திருத்தி விரலே மரத்துப்போச்சுன்னு இப்பதான் முன்வரிசையில ஒரு டீச்சர் சொன்னாங்க. அதுக்கு மருந்து என்கிட்ட இல்லம்மா... குட்டியா ஒரு கதை இருக்கு. சொல்லட்டுமா?

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. அப்பா வள்ளத்துல மீன் பிடிக்கப் போறவர். இவ காலேஜ்ல தாவரவியல் படிச்சா. சூட்டிகையான பொண்ணுதான்... ஆனா பரீட்சைன்னா படிச்சதெல்லாம் மறந்துபோகும். செய்முறைத் தேர்வுல ஏற்கெனவே ஒரு தடவை பெயில். அப்பா சொல்லிட்டார். "ஏட்டி, இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும். மாப்பிள்ளை பாத்துருவேன்."

தேர்வு நாள் வந்துச்சு. வெளியூர்லருந்து தேர்வாளரா வந்தவங்க குணவதின்னு ஒரு பேராசிரியை. ரொம்பக் கண்டிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால ஒரு செடியை வச்சாங்க. பூக்குற செடிகள்ல இது எந்தக் குடும்பம்? காரணம் என்ன? பத்து மார்க்.

ஜெசிந்தாவுக்கு வந்தது என்ன தெரியுமா? அடம்பன் கொடி! கடற்கரை மணல்ல படர்ந்து, ஆட்டுக்குளம்பு மாதிரி இலையோட, ஊதாப் பூ பூத்துக் கிடக்குமே... அதேதான். அவ வீட்டு வாசல்லயே கிடக்குற கொடி! பாத்ததும் அப்படி ஒரு சந்தோஷம். ஆனா அடுத்த நிமிஷமே... குடும்பத்துப் பேர்... அந்த நீளமான பேர்... மறந்துபோச்சு. யோசிக்கிறா... யோசிக்கிறா... வரல.

அரை மணி நேரம் கழிச்சுப் பேராசிரியை வந்து பாத்தா, தாள்ல ரெண்டே வார்த்தை. 'அடம்பன் கொடி.'

"குடும்பம் எங்கம்மா?"

"மறந்துட்டேன் மேடம்..."

"இவ்வளவு நேரம் என்னதான் பண்ணின?"

கண்ணு நிறைஞ்சிடுச்சு. பேராசிரியை பேனா சைபர் போடப் போயிடுச்சுங்க! போட்டிருந்தா நீங்களோ நானோ தப்புன்னு சொல்ல முடியுமா? முடியாது. ஆனா அந்த அம்மாவுக்கு என்ன தோணுச்சோ... பேனாவைத் தாள்லருந்து எடுத்துட்டாங்க.

"சரி, பேர் கிடக்கட்டும். இந்தக் கொடிக்குச் சொந்தக்காரங்க யாரையாவது உனக்குத் தெரியுமா?"

பொண்ணு நிமிர்ந்தா. "தெரியும் மேடம்! சர்க்கரைவள்ளிக் கிழங்கு!"

"எப்படிச் சொல்ற?"

"ரெண்டு பூவும் புனல் மாதிரி மேடம். பாத்தா ஒரே இதழ்னு தோணும். இல்ல... அஞ்சு இதழ் ஒண்ணா ஒட்டிக்கிட்டது. இங்க பாருங்க, அஞ்சு பட்டை தெரியுது. மொட்டைப் பாத்தா குடையை மடிச்சு முறுக்கின மாதிரி இருக்கும். தண்டைக் கிள்ளினா ரெண்டுலயும் பால் வரும். குளத்துல கிடக்குற வள்ளைக்கீரையும் இதே வகையறாதான் மேடம்!"

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"எங்க வீட்டுக் கொல்லையில கிழங்குக்கொடி பூத்துச்சு மேடம். வாசல் பூ எப்படிக் கொல்லைக்கு வந்துச்சுன்னு பிச்சுப் பாத்தேன்."

பேராசிரியை தாளைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, "கான்வால்வுலேசி. அதாம்மா பேர். பேருக்கு ரெண்டு மார்க்... அதை என்னால தர முடியாது. மிச்சம் எட்டும் உன்னோடது."

பாஸ்!

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினா. அப்பா வாசல்ல உக்காந்து வலை பிரிச்சுக்கிட்டு இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை நின்னுபோச்சு. "இந்தக் கொடிக்கா மார்க் போட்டாவ?" கொடியைப் பாத்தார்... மகளைப் பாத்தார்... "சரி, அடுத்து என்ன படிக்கப் போற?"

ஆசிரியப் பெருமக்களே... குணவதி அம்மா கருணை மார்க் போட்டாங்களா? இல்ல. சலுகை காட்டினாங்களா? இல்லவே இல்ல. கேள்வியை மாத்திக் கேட்டாங்க. அவ்வளவுதான். பேர் தெரியாத பிள்ளைக்கு எதுவுமே தெரியாதுன்னு நாம எத்தனை தடவை முடிவு கட்டியிருக்கோம்? நானும் கட்டியிருக்கேன். அதனாலதான் சொல்றேன்.

நாளைக்கு உங்க வகுப்புல ஒரு பிள்ளை 'தெரியாது சார்'னு தலைகுனிஞ்சு நிக்கும். 'உக்காரு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி... இன்னொரு கேள்வி கேளுங்க. அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்துல... எங்கேயோ ஒரு அவசரக் கல்யாணம் நின்னுபோகும்!