மூணாவது தடவை

இரவு இரண்டேகால். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் ரோட்டில், கருவேலங்காட்டை ஒட்டி ஒரே ஒரு ஓட்டு வீடு. என் தோழி பிருந்தாவின் சித்தி தங்கச்செல்வியின் வீடு. நெருங்கி உட்காருங்கள்... இதைச் சொல்லி முடிக்கும்வரை பிருந்தா என் கையை விடவே இல்லை.

அந்தப் பக்கம் ராத்திரியில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் பதில் சொல்வார்கள். பேய்க்கு மூன்றாம் முறை கூப்பிட வராதாம்.

மிசோரத்திலிருந்து ஊழியத்துக்கு வந்த பாஸ்டர் லால் இதைக் கேட்டுச் சிரித்தார். புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர். "பேய் என்று எதுவும் இல்லை. முதல் அழைப்பிலேயே கதவைத் திறங்கள். அதுதான் விசுவாசம்."

"ஐயா பேசுனா ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் சித்தப்பா மாரிக்கண்ணன். ஆனாலும் தலையாட்டினார்.

அன்றைக்கு... இரண்டேகால். ஆடுகள் அசைபோடுவதைச் சட்டென்று நிறுத்தின. பாஸ்டர் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. வெளியே...

"மாரிக்கண்ணன், எழுந்து வாருங்கள்."

ஒரே தடவை.

"இந்தா வாரேன் ஐயா!"

"ஏங்க, இன்னும் ரெண்டு தடவை கூப்புடட்டும்."

"போடி, அவுக குரலு எனக்குத் தெரியாதா?"

தாழ்ப்பாள் சத்தம். பிறகு செருப்புச் சத்தம்... ஒரே ஆளின் செருப்பு.

விடிந்ததும் சித்தப்பா கண்மாய்க்கரையில் கிடைத்தார். உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

பாஸ்டர் அன்றிரவு மதுரையில் இருந்தார்.

எட்டு மாதம். டாக்டர்கள் பார்த்தார்கள். பாஸ்டர் தினமும் வந்து, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தார்.

"பேயே இல்லன்னா அன்னைக்குக் கூப்புட்டது யாரு ஐயா?" என்பாள் சித்தி. அவர் மறுபடி ஜெபத்தைத் தொடங்குவார். "சரி, விடுங்க. அவுக வாயிலருந்து ஒத்தச் சொல்லு வந்தாப் போதும்."

ஒருநாள் விடிகாலையில் பாஸ்டர் வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இரவு என்னை யாரோ அழைத்தார்கள். எங்கள் மொழியில்... என் அம்மா மட்டும் அழைக்கும் பெயர். அவர் இறந்து ஆறு வருடங்கள்."

"பதில் சொன்னீகளா?"

"இல்லை."

"எத்தனை தடவை?"

இரண்டு விரல்களைக் காட்டினார். "மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எட்டு மாதம் கழித்துச் சித்தப்பா வாய் திறந்தார். சித்திக்குப் புரியாத பாஷை. ஒற்றைச் சொல். அது எந்தப் பெயர் என்று பாஸ்டரின் முகமே சொன்னது.

"ஐயா, பேசிராதீக!"

அதற்குள் பாஸ்டர், சின்னப் பிள்ளை மாதிரி, "ம்" என்றுவிட்டார்.