சுணைக் கடிக்குப் போட்ட குளிசை

நானாட்டானில் வேலை முடிந்து முருங்கனுக்கு பஸ் ஏறினேன். முன் இருக்கையில், கையில் கட்டுப்போட்ட ஒருவர், "கள்ளை ஆர் குடியெண்டு சொல்லுறது?" என்றார். பக்கத்தில் இருந்தது அவருடைய மனைவியின் தம்பி.

"மருந்துக்கடையில குளிசை தரேக்க, குடிக்கிறனீங்களோ எண்டு கேட்டவைதானே அத்தான்?"

"கேட்டவை. நான் சாராயம் தொடுறதில்லை. இல்லையெண்டு சொன்னனான்."

"நித்திரை தூக்கும், மிசின் ஓடவேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னவைதான். நெல்லுச் சுணையில உடம்பெல்லாம் கடியும் சொறிச்சலும், குளிசையைப் போட்டன். மத்தியானம் வழமையான கள்ளு. மூட்டை ஏத்தினவங்களும் அதைத்தான் குடிச்சவங்கள். ஒருத்தனும் நித்திரையாகேல்லை."

"அவங்கள் குளிசை போடேல்லை. ரெண்டும் சேர்ந்துதான் உங்களை அமத்தினது. அக்காவை உழவு மிசின் பெட்டியில ஏத்திக்கொண்டு ஓடினதும் நீங்கள்தான்."



"கண் மூடினது தெரியாது தம்பி. வாய்க்காலுக்க கிடக்கேக்கதான் முழிச்சனான்."

"அக்கா இடுப்பெலும்பு உடைஞ்சு கிடந்துகொண்டு, மாடு குறுக்க வந்ததெண்டு ஆஸ்பத்திரி வாட்டில எல்லாருக்கும் சொல்லுறா."

"மாடு ஒண்டும் வரேல்லை."

"அது அவவுக்கும் தெரியும், அத்தான்."

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. தம்பி முதலில் இறங்கினார். மற்றவர் படியில் நின்று, "என்ன நிற மாடெண்டு சொன்னவ?" என்று கேட்டார்.