முப்பது வாட் சம்பந்தம்

காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு ரிக்கார்டு கேட்பது என் வழக்கம். காப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டு வேண்டும். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து விசாரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

போன கோடையில், கொடைக்கானலைக் காலி செய்துகொண்டு சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். தேக்குப் பெட்டி, என் நெஞ்சு உயரம். நாகல் நகரில் என் சுங்குடிச் சேலைக் கடைக்கு மேலேதான் வீடு. நாலு பேர் சேர்ந்து மாடியேற்றினோம். என் பழைய ஆம்ப்ளிபயரில் இணைத்தால், சளி பிடித்தவன் கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி வந்தது. ரேடியோ ரிப்பேர் பீர் முகமதுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உடையப்பண்ணே, இந்த ஸ்பீக்கரு முப்பது வாட்டு கேக்கும். உங்க ஆம்ப்ளிபயரு குடுக்குறது அஞ்சு. பொருத்தம் பாக்காமக் கட்டி வச்சா ரெண்டும் வீணாப் போகும்ணே."

வத்தலக்குண்டில் குருசாமி என்று ஒருவர், மைக்செட் தொழில் பார்த்தவர், மெட்ராஸிலிருந்து அப்படி ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் வரவழைத்து வைத்திருப்பதாக அவன்தான் சொன்னான். போய்ப் பார்த்தேன். லட்சணமாக இருந்தது. விற்க மாட்டேன் என்றார். நம்ம ஆட்கள்தான். தனி ஆள், கல்யாணம் ஆகவில்லை.

என் தங்கை அழகம்மாளுக்கும் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளைக் கரையேற்றுவது என் பொறுப்பு. வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறீர்களா என்று அங்கேயே கேட்டேன். மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்காகக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது போயிருந்தது. முப்பது வாட் வாங்கியதே அதனால்தான்.

"பொண்ணுகிட்ட என் காது விசயத்தச் சொல்லிருவீகளா மச்சான்?" என்று அப்போதே முறை வைத்துக் கேட்டார். நல்ல மனிதர்.

"எல்லாஞ் சொல்லிர்றேன் மாப்ளே. சொந்தக்காரங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று அவர் காதில் கத்தினேன்.

பெண் பார்க்க வந்த அன்று, நான் மீசையைத் தடவினால் அவர் ஒரே பதில் சொல்வதாக ஏற்பாடு. அழகம்மாள், "கல்யாணத்துக்குப் பெறகு நான் தையக்கடை வைக்கணும். சம்மதமான்னு கேளுங்கண்ணே" என்றாள். மீசையைத் தடவினேன்.

"எல்லாம் உங்க இஷ்டம்" என்றார் குருசாமி.

அதுவரை வந்தவர்களெல்லாம் அந்தக் கேள்விக்கு எழுந்து போனவர்கள். என் தங்கை முதல் தடவையாக ஒரு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

தை மாதம் கல்யாணம். மறுநாள் காலையில் ஆம்ப்ளிபயர் வந்து இறங்கியது. ஒரு நாகஸ்வர ரிக்கார்டு போட்டேன். தவில் அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் அழகம்மாள் அடுப்படியில் புருஷனிடம் என்னமோ நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்து அழுதிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. முப்பது வாட்டில் அதெல்லாம் கேட்காது.

ரிக்கார்டு முடிந்ததும் வந்தாள். "இந்தப் பொட்டிக்காகவா என்னையக் கட்டி வச்சீக?"

பெட்டி அல்ல, அது ஆம்ப்ளிபயர் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நேரே புருஷனிடம் போய், அவர் காதில் வாயை வைத்து, நாகல் நகரே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நான் தையக்கடை வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

குருசாமி திகைத்துப் போனார். "அன்னைக்கு நீ கேட்டது இதுதானா புள்ள? என் காது விசயத்த ஒங்கண்ணன் ஒன்கிட்டச் சொல்லலையா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம், "வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கிட்ட எனக்கு ஒரு கடை சும்மாத்தான் கெடக்கு. வாரியா?" என்றார்.

"வாரேன்" என்றாள். அவருக்குக் கேட்காதே என்று தலையையும் ஆட்டினாள்.

அன்றைக்கே வண்டி கட்டினார்கள். முதலில் ஏறியது ஆம்ப்ளிபயர். வண்டிக்கு முன்னால் நான் குறுக்கே படுத்தது உண்மை. தங்கையைப் பிரிய மனமில்லாத அண்ணன் என்று தெருவே உருகி நின்றது. "அத மட்டும் எறக்கி வச்சிட்டுப் போங்க" என்று நான் சொன்ன பிறகுதான் தெருக்காரர்கள் என்னை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களுக்கு ஆள் அனுப்பினார்கள்.

காது கேட்காததை மறைத்துக் கட்டி வைத்தேனா என்று கேட்கிறீர்கள். ஆம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் வண்டியில் அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திச் சிரித்துக்கொண்டு போனதையும் தெருவே பார்த்தது. அந்தப் பொருத்தத்தைப் பார்த்தவன் யார்? அவள் நன்றாக இருந்தால் போதும். எனக்கென்று நான் எதையும் நினைத்ததில்லை. சித்தப்பா மகள் மூக்காயிக்கும் வயது ஏறிக்கொண்டு போகிறது. அவளுக்கும் ஒட்டன்சத்திரத்தில் ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஐம்பது வாட்.