பெரிய ற

துறைமுகச் சாலைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு நான் வழக்கமாக ஓர் அறிவுரை கூறுவதுண்டு: சன்னலுக்கு இரும்புக் கம்பி வைக்காதீர்கள். வைத்தால் சில ஆண்டுகளில் கம்பி போய்விடும். சன்னல் மட்டும் இருக்கும். எனக்குத் தாங்கள் அளித்துள்ள இந்த நாற்காலியின் காலைச் சற்றுக் குனிந்து பாருங்கள். அரசாங்கத்தின் நாற்காலி என்பதற்காகக் கடற்காற்று எந்தச் சலுகையும் காட்டவில்லை.

ஐயா, என் பெயர் தளவாய். வயது ஐம்பத்தாறு. தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் சிற்றூர் ஒன்றில் பிறந்தேன். நாற்பத்து மூன்றாம் வயதில் அகர வரிசை கற்றேன். நாற்பத்தொன்பதாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். தமிழில் எழுபத்தெட்டு மதிப்பெண். இது வழக்குக்குத் தேவையற்ற விவரம் என்று தாங்கள் கருதலாம். ஆயினும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் காவலராகப் பணியாற்றியது கடலை ஒட்டிய ஒரு செம்புக் கம்பிக் கிடங்கில். அங்கே இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் பம்ப் ஆக்‌ஷன் வகை. ஒன்றாம் எண் என்னிடம். இரண்டாம் எண் ஜாய்சனிடம். இரண்டுக்கும் நாள்தோறும் எண்ணெய் இட்டுப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுவது என் கடமை. மேலாளர் முத்துச்செல்வம் அதன் கீழே கையொப்பமிடுவார்.

அத்துப்பாக்கிகளின் தரத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. குழல் கருநீலமாக, புதுமாப்பிள்ளையின் தலைமுடி போல மினுமினுக்கும். முன்கட்டையை ஆட்டினால் கிலுகிலுப்பை ஓசை வரும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மிகவும் உகந்தது. தோட்டாக்கள் உறங்கும் உட்குழலும் அதிலுள்ள சுருள்வில்லும் மட்டும் வெறும் இரும்பு. செய்தவர்கள் கடலைப் படத்தில் கூடப் பார்த்திராத நல்லவர்கள் போலும்.

உலகில் இதற்கு மாற்று உண்டு. படகுகளுக்கென்றே உள்ளும் புறமும் நிக்கல் பூசிய துப்பாக்கிகளைப் பிற நாடுகளில் விற்கிறார்கள். கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் ஆயுதக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர் ஹாமிதிடம் சென்று விசாரித்தேன்.

"அண்ணாச்சி, எவர்சில்வர்ல குடம் கெடைக்கும், தூக்குவாளி கெடைக்கும். துப்பாக்கி கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். பிறகு இரக்கப்பட்டு, வெளிநாட்டுச் சரக்கு நமக்குக் கிட்டாது என்றும், நிறுவனம் எழுதிக் கேட்டால் உள்நாட்டுத் துப்பாக்கிக்கு நிக்கல் பூசித் தர ஒரு பணிமனை உள்ளது என்றும் கூறினார்.

எனவே நான் எழுதினேன். நான்கு பக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இரும்பின் இயல்பு, உப்புக் காற்றின் தீமை, காவலன் உயிரின் அருமை என உட்தலைப்புகளும் இட்டேன். முத்துச்செல்வம் அதை வாங்கி, கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்று சொல்லி, வாசிக்குமாறு ஜாய்சனிடம் நீட்டினார்.

ஜாய்சனுக்கு வயது இருபத்தொன்பது. சாயர்புரத்துப் பட்டதாரி. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான். அவனது சட்டைப் பையில் சிவப்புப் பேனா ஒன்று இருந்தது.

"அண்ணாச்சி, துருவுக்குப் பெரிய ற போட்டிருக்கீய. துரு அம்புட்டு பெருசா?"

அறையிலிருந்த ஐவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன், சரியாகச் சொன்னால் நான்தான் அதிகம் சிரித்தேன். அவன் முதல் துருவைச் சிவப்பால் வட்டமிட்டான். அடுத்ததையும் வட்டமிட்டான். மொத்தம் இருபத்திரண்டு வட்டங்கள். மறுநாள் முதல் சுமை தூக்குவோர் உட்பட அனைவரும், "ஏலே, பெரிய ற வாரார், வழிய விடு" என்று அன்போடு அழைக்கத் தொடங்கினர். முத்துச்செல்வம் மனுவை இழுப்பறையில் போட்டுவிட்டு, "வே தளவாய், துப்பாக்கி ஒழுங்காத்தான இருக்கு? என்னைக்காவது சுடாமப் போயிருக்கா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சான்றில்லாத பொருளுரை வெறும் அலங்காரம் என்பதை நான் அன்றே உணர்ந்தேன்.

மறுநாள் முதல் இரண்டாம் எண்ணுக்கு எண்ணெய் இடுவதை நிறுத்தினேன். இதை நான் மறைத்தேன் என்று எவரும் கூற இயலாது. "இரண்டாம் எண் துப்பாக்கிக்கு இன்று எண்ணெய் இடப்படவில்லை" என்று பதிவேட்டில் தெளிவான கையெழுத்தில், பிழையின்றி, நாற்பத்தொரு நாள் எழுதினேன். முத்துச்செல்வம் நாற்பத்தொரு நாளும் கையொப்பமிட்டார். ஐயா, அந்த வரியை வாசித்த முதல் மனிதர் தாங்களே. உண்மையில் எனக்குக் கண் கலங்கிற்று.

உப்பளத்துச் சாக்கைப் பற்றித் தாங்கள் கேட்டீர்கள். ஆம், பணி முடிந்து துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போது ஈரச் சாக்கால் சுற்றி வைத்தேன். இயற்கை தன் பணியைச் செய்யத்தான் போகிறது. நான் சற்று விரைவுபடுத்தினேன். காலையில் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து அவனிடம் கொடுப்பேன். "அண்ணாச்சி கைபட்டா கண்ணாடி மாதிரியில்லா இருக்கு" என்பான். ஒன்றாம் எண்ணுக்கு மட்டும் ஏன் நாள்தோறும் எண்ணெய் இட்டீர் என்றால், எந்தச் சோதனைக்கும் ஒப்பீடு தேவை. எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் உள்ளது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மழை விட்டிருந்தது. ஜாய்சனின் மனைவி அனுஜா கொடுத்துவிட்ட சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அயிரை மீன் குழம்பு. உப்பு சற்றுக் குறைவு. கை கழுவி வந்தபோது சிறு லாரி ஒன்றில் மூவர் வந்து, அரிவாளோடு வாயிற்கதவில் ஏறிக் குதித்தனர். ஜாய்சன் துப்பாக்கியை எடுத்து முன்கட்டையை இழுத்தான். பாதி வந்தது. மீண்டும் இழுத்தான்.

"அண்ணாச்சி, ஏறமாட்டேங்கு" என்றான்.

நான் தகரக் கொட்டகையின் கீழ், பத்தடி தொலைவில் நின்றேன். ஒன்றாம் எண் என் கையில் இருந்தது. தோட்டா ஏறியிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க அடிங்க."

வானத்தை நோக்கி ஒருமுறை சுட்டிருந்தாலே அவர்கள் ஓடியிருப்பர் என்று தாங்கள் கூறினீர்கள். மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் என்ன முடிவு எட்டப்பட்டிருக்கும்? கிடங்கின் துப்பாக்கி நன்றாகவே சுடுகிறது என்பது. நான்கு பக்கப் பொருளுரையும் பொய்யாகியிருக்கும். எனவே நான் பொறுத்தேன். அதிக நேரம் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டுப்பட்டு விழுந்தவனைக் கண்டதும், அவர்கள் தேடி வந்த செம்பைத் தொடாமலே, பயந்து போய்விட்டனர்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு துப்பாக்கிகளுக்கும் நிக்கல் பூச ஒப்புதல். அதில் இட்டிருந்த தேதி, ஜாய்சன் இறப்பதற்குப் பதினொரு நாள் முந்தியது. உடன் என் மனுவின் தட்டச்சுப் படி இருந்தது. அடியில் என் பெயர். எல்லா இடத்திலும் சிறிய ர.

"ஜாய்சன்தான்வே போன்ல அடிச்சு அனுப்புனான். விளையாட்டா சொன்னத மனசுல வச்சிக்கிட்டேருன்னு அவனுக்குச் சங்கடம். ஒம்மகிட்ட சொல்லாண்டாம்னுட்டான், வெக்கப்படுவேராம்" என்றார் முத்துச்செல்வம்.

என் அனுமதியின்றி இருபத்திரண்டு இடங்களில் என் எழுத்தை மாற்றியிருந்தான். இறந்தவரைக் குறை கூறலாகாது என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

துப்பாக்கிகள் பூசப்பட்டு வந்தன. கோயில் குத்துவிளக்கு போலப் பளபளத்தன. சென்ற வாரம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளிப் பெயிண்டு. அடியில் பழைய கருநீலம் அப்படியே இருந்தது. இதைக் குறித்தும் ஒரு மனு எழுதத் தொடங்கியிருந்தேன். அதற்குள் தாங்கள் வந்துவிட்டீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கியைக் கெடுத்தவன் நான். அது சுடாது என்று அறிந்தே அவன் கையில் கொடுத்தவன் நான். காப்பாற்ற முடிந்தும் நின்று பார்த்தவன் நான். ஓர் எழுத்துக்காகவா ஒருவனைச் சாகவிட்டீர் என்று கேட்டீர்கள். ஐயா, நான் அவ்வளவு அற்பன் அல்லன். காவலர் நலனே என் நோக்கம். அந்தச் சிரிப்பை நான் அன்று மாலையே மறந்துவிட்டேன்.

வாக்குமூலத்தை இருமுறை படித்துப் பார்த்தேன். சிறப்பாக உள்ளது. மூன்றாம் பக்கம் ஏழாம் வரியில் மட்டும் தட்டச்சர் 'துறு' என்று அடித்திருக்கிறார். சிவப்புப் பேனா இருந்தால் கொடுங்கள், வட்டமிட்டுத் தருகிறேன். அதைத் திருத்திக் கொண்டுவரும் வரை நான் கையொப்பமிட மாட்டேன்.